கையளவுப் பந்தயச் சாலை



கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. நடுவே ஒரு திரை. இரு புறமும் நாலைந்து பொத்தான்கள். இந்தப் பெட்டியோடு பிள்ளை லயத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டால், சோறு ஆறிப்போவது தெரியாது. அம்மா கூப்பிடுவதும் காதில் விழாது. திரையில் வளைவு வரும்போது பிள்ளையின் உடலும் சேர்ந்து சாயும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சில வேளை எரிச்சலும் வரும். கார்ப் பந்தயம், மோட்டார்ப் பந்தயம், சக்கரப் பலகைச் சாகசம், பனிச்சறுக்கு ஆகிய விளையாட்டுகளைக் கையடக்கக் கருவியில் ஆடுவதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

"இது நல்லதா, கெட்டதா?" என்பதுதான் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அறியாமல் அதற்குப் பதில் சொல்வது, பாலின் தரத்தைச் சோதிக்காமல் எடையை மட்டும் எழுதிக்கொள்வது போலாகும். ஆகவே முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

முழுக்க முழுக்க மின்னணுவியலால் இயங்கிய முதல் கையடக்க விளையாட்டே ஒரு கார்ப் பந்தயம்தான் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஆட்டோ ரேஸ்' என்பதே அது. அதில் காரும் இல்லை, சாலையும் இல்லை. சிவப்பு விளக்குப் புள்ளிகள் சில மின்னும், அவ்வளவுதான். அவற்றுள் பளிச்சென்று எரியும் ஒரு புள்ளி நம்முடைய கார். எதிரே வரும் மற்றப் புள்ளிகளில் இடித்துக்கொள்ளாமல், மூன்று தடங்களில் இடமும் வலமுமாக விலகி, 99 வினாடிக்குள் நான்கு சுற்றுகளை முடிக்க வேண்டும். கியர் மாற்றும் வசதிகூட உண்டு. இத்தனையையும் நடத்திய கட்டளைகள் மொத்தம் 512 பைட் இடத்தில் அடங்கின. ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்துக்குரிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அஞ்சலட்டையில் நெருக்கி எழுதினால் எவ்வளவு எழுதலாமோ, அவ்வளவுதான் அந்தப் பந்தயம் முழுவதும்!

அடுத்து நாம் அறிய வேண்டியவர் ஜப்பானியர் ஒருவர். பெயர் குன்பெய் யோகோய்; கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றியவர். ரயிலில் பயணி ஒருவர் பொழுது போகாமல் கணக்குக் கருவியின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டு, "இதையே விளையாட்டாக்கினால் என்ன?" என்று அவர் எண்ணியதாகச் சொல்வார்கள். 1980இல் கணக்குக் கருவியின் திரையைக்கொண்டே 'கேம் அண்டு வாட்ச்' என்ற சிறு விளையாட்டுக் கருவி வந்தது. 1989இல் 'கேம் பாய்' வந்தது.

யோகோயின் கொள்கை நம் குடும்பத் தலைவிகளுக்கு எளிதில் விளங்கும். புதிய, விலை உயர்ந்த பொருளைத் தேடி ஓடாதே. பழகிப்போன, மலிவான பொருளைப் புதுவிதமாகப் பயன்படுத்து என்பார் அவர். நேற்றைய சோற்றைத் தாளித்துப் புதுப் பலகாரம் ஆக்குவது நமக்குப் புதிதா என்ன? கேம் பாயின் திரையில் வண்ணம் கிடையாது. பாசி நிறத்தில் நான்கு சாயல்கள் மட்டுமே. உள்ளிருந்து ஒளியும் வராது. விளக்கடியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். அதே காலத்தில் வண்ணத் திரையோடும் ஒளியோடும் வேறு நிறுவனங்களின் கருவிகளும் வந்தன. அவை ஆறு பேட்டரிகளைத் தின்றுவிட்டு, சில மணி நேரத்தில் படுத்துவிட்டன. கேம் பாய் நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக ஓடியது. பேட்டரி வாங்கிக் கொடுக்கிறவர் யார்? அப்பா அம்மாதானே! கடைசியில் வென்றது கேம் பாய். அதுவும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றன. 1990இல் அதற்கென வந்த 'எஃப் 1 ரேஸ்' என்ற கார்ப் பந்தயத்தில், நான்கு பிள்ளைகள் தங்கள் நான்கு கருவிகளைக் கம்பியால் இணைத்து ஒருவரோடு ஒருவர் போட்டியிட முடிந்தது.

நம் தோட்டங்களில் கேம் பாய் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நம்மிடம் வந்தது, பாசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கிடைத்த கட்டை விளையாட்டுப் பெட்டி. என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அகலத்தில் பத்துக் கட்டம், உயரத்தில் இருபது கட்டம். ஆக 200 கட்டங்கள் கொண்ட திரை. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டத்தோடு, கார்ப் பந்தயமும் அதில் உண்டு. சில கட்டங்களைச் சேர்த்தால் கார். இரு ஓரங்களிலும் கட்டங்கள் இறங்கிக்கொண்டே வந்தால் சாலை. '9999 விளையாட்டுகள்' என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கும். உள்ளே இருந்தவையோ சில ஆட்டங்கள்தாம். வேகத்தையும் நிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையைப் பெருக்கியிருந்தார்கள். விளம்பரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடத்தை நான் எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

சரி, நகராத ஒரு பெட்டியில் வேகம் எப்படி உண்டாகிறது?

நிலையத்தில் நாம் இருக்கும் ரயில் நின்றுகொண்டிருக்க, பக்கத்து ரயில் புறப்பட்டால் நாம்தான் நகர்கிறோம் என்று தோன்றும் அல்லவா? அந்த ஏமாற்றமே இங்கும் நடக்கிறது. பெரும்பாலான பந்தய விளையாட்டுகளில் நம் கார் திரையின் கீழ்ப்பகுதியிலேயே நிற்கிறது. சாலைதான் நம்மை நோக்கி ஓடி வருகிறது. திரையில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக எழுதப்படும். ஒவ்வொரு வரியையும் சற்றே பக்கவாட்டில் தள்ளி எழுதினால், நேரான சாலை வளைந்த சாலையாகிவிடும். சாலை ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகளை வரைந்து, அவற்றைக் கீழ்நோக்கி ஓடவிட்டால் கண் அதை வேகம் என்று நம்பிவிடும். பட்டை விரைந்தால் கார் விரைகிறது. பட்டை தளர்ந்தால் கார் தளர்கிறது.

2001இல் வந்த 'கேம் பாய் அட்வான்ஸ்' வேறொரு வித்தையைச் செய்தது. ஒரு பெரிய பாயில் பந்தயச் சாலை முழுவதையும் கோலம் போல் வரைந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் பாயின் நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒருவர் பாயை உங்களுக்குக் கீழே இழுக்கிறார், திருப்புகிறார். அருகில் உள்ள கோடுகளைப் பெரிதாகவும் தொலைவில் உள்ளவற்றைச் சிறிதாகவும் காட்டினால், பாய் தரையாகிவிடும். அவ்வாண்டில் வெளிவந்த 'மாரியோ கார்ட்: சூப்பர் சர்க்கியூட்', 'எஃப் ஜீரோ: மேக்சிமம் வெலாசிட்டி' ஆகிய இரண்டும் இப்படிப் பாயைச் சுழற்றி ஆடிய பந்தயங்களே. ஒரு வினாடிக்குள் ஏறத்தாழ 60 படங்கள் மாறுவதால், கண்ணுக்கு இடைவெளி தெரிவதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை ஒரு பழைய பாயையும் சுண்ணக்கட்டியையும் வைத்துக் காட்டியிருக்கிறேன். பாயை இழுக்கும் வேலைக்கு அவர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது.

அதன் பின் சோனி நிறுவனத்தின் பி.எஸ்.பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கேம் பாயின் திரையில் 23,040 புள்ளிகள், பி.எஸ்.பி.யின் திரையில் 1,30,560 புள்ளிகள். இனிப் பாய் வித்தை தேவையில்லை. மேடு, பள்ளம், மரம், மழை அனைத்தையும் முப்பரிமாணத்தில் காட்ட முடிந்தது. 2009இல் அதற்கு வந்த 'எஃப் 1 2009' என்ற விளையாட்டில் அவ்வாண்டுப் பந்தயச் சாலைகள் எல்லாம் இருந்தன. நம்முடைய செப்பாங்கும் இருந்தது. 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள், பார்வையாளர் அரங்கின் இரு புறமும் இரண்டு நீண்ட நேர்சாலைகள், அவற்றை இணைக்கும் கடைசிக் கொண்டையூசி வளைவு. 1999 முதல் 2017 வரை அங்கே நடந்த உலகப் பந்தயத்தை நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் வசதி நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? செம்பனைக்கு நடுவே பிறந்த பிள்ளை ஒருவன், அந்தச் சாலையின் பதினைந்து வளைவுகளையும் கட்டைவிரலால் மனப்பாடம் செய்துகொள்ள இந்தக் கருவி வழி செய்தது. இதைச் சிறிய காரியம் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அதே ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் உண்மையான செப்பாங்கில் நடந்ததையும் கேளுங்கள். பந்தயத்தின் நடுவே பேய்மழை. கார்கள் நிலைகொள்ளாமல் சுழன்றன. பந்தயத்தை நிறுத்தினார்கள், மீண்டும் தொடங்கவே முடியவில்லை. முதலில் இருந்த ஜென்சன் பட்டன் வென்றதாக அறிவித்து, ஓட்டுநர்களுக்குப் பாதிப் புள்ளிகளை மட்டும் கொடுத்தார்கள். மழை வந்தால் வெட்டு இல்லை, அரை நாள் சம்பளம்தான் என்பது நமக்குப் பழகிய கணக்கு. உலகப் புகழ் பெற்ற ஓட்டுநர்களுக்கும் அதுவே கணக்காயிற்று!

இனிச் சாகச விளையாட்டுக்கு வருவோம். சக்கரப் பலகையில் நின்று, சரிவில் பாய்ந்து, காற்றில் எழும்பிச் சுழல்வதில் பேர் பெற்றவர் அமெரிக்கரான டோனி ஹாக். காற்றிலேயே 900 பாகை, அதாவது இரண்டரைச் சுற்றுச் சுழன்று இறங்குவதைப் போட்டி மேடையில் முதன்முதலாகச் செய்தவர் அவரே. நாள் 1999 ஜூன் 27. இடம் சான் பிரான்சிஸ்கோ. அன்று எடுத்த எடுப்பில் அது கைகூடவில்லை. திரும்பத் திரும்ப விழுந்தார், திரும்பத் திரும்ப ஏறினார். அவ்வாண்டே அவர் பெயரில் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும் விளையாட்டு வந்தது. 2001இல் அதன் இரண்டாம் பாகம் கேம் பாய் அட்வான்சுக்கு வந்தது. சாய்ந்த கோணத்தில், மேலிருந்து பார்ப்பது போன்ற காட்சி. இரண்டு நிமிட நேரம். அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக வித்தைகளைக் கோத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். நடுவில் விழுந்தால் அந்தக் கோவையின் புள்ளி போய்விடும். ஆசை பெருகப் பெருக ஆபத்தும் பெருகும். எப்போது நிறுத்திக்கொள்வது என்பதுதான் அந்த ஆட்டத்தின் சூட்சுமம்.

இதை வேலையற்றவர் விளையாட்டு என்று தள்ளுகிறவர்களுக்கு ஒரு செய்தி. சக்கரப் பலகை 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. தெருச் சறுக்கில் தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13.

பெட்டிக்குள் இருக்கும் டோனி ஹாக் விழுந்தால், இரண்டொரு வினாடியில் எழுந்து பலகை மேல் நிற்கிறார். வெளியே இருக்கும் டோனி ஹாக் 2022 மார்ச்சில், தம் 53ஆம் வயதில் விழுந்தபோது தொடை எலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை செய்து, கோலூன்றி நடக்கப் பழக வேண்டியதாயிற்று.

என் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு நாள் கேட்டான்: "ஐயா, இந்த பிரேக் பொத்தான் எதற்கு இருக்கிறது? நான் அதை அமுக்கியதே இல்லையே!" அவன் பொய் சொல்லவில்லை. சிறுவர்களுக்கான பந்தய விளையாட்டுகள் பலவற்றில் பிரேக் போடாமலே வெல்லலாம். சுவரில் உரசினால் வேகம் கொஞ்சம் குறையும். பள்ளத்தில் விழுந்தால் யாரோ தூக்கி மீண்டும் சாலையில் வைத்துவிடுவார்கள். 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' விளையாட்டில், கார் சாலையை விட்டு விலகாதபடி கருவியே திருப்பிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அது நல்ல வசதிதான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரேக்கை ஒரு முறைகூடத் தொடாமல் ஆயிரம் பந்தயம் ஓடிய அந்தக் கை, பதினான்கு வயதில் அப்பாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறது. உரிமம் எடுக்கவே பதினாறு வயது ஆக வேண்டும் என்பது சட்டம். தோட்டத்துச் சாலையில் யார் கேட்கிறார்கள்? நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

கேம் பாயைப் படைத்த அந்தக் குன்பெய் யோகோய் எப்படி இறந்தார் தெரியுமா? 1997 அக்டோபர் 4ஆம் நாள், நண்பர் ஓட்டிய காரில் போய்க்கொண்டிருந்தார். கார் முன்னே சென்ற லாரியில் இடித்தது. என்ன சேதம் என்று பார்க்கக் கீழே இறங்கினார். அவ்வழியே வந்த வேறொரு கார் அவர்மீது மோதியது. வயது 56.

விளையாட்டு மோட்டாரை ஓட்டச் சொல்கிறது என்று நான் கூறவில்லை. ஆட்டத்தால் ஆகும் நன்மையும் உண்டு. கண் சாலையின் தொலைவில் பதியப் பழகுகிறது. கண் கண்டதைக் கை விரைந்து செய்யப் பழகுகிறது. இதை அளந்து பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். 30 சென்டிமீட்டர் அடிக்கோல் ஒன்றை ஒருவர் மேல்முனையில் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் அதன் சுழி எண்ணுக்கு நேரே கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் கோலை விட்டதும் பிடிக்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறத்தாழ 0.14 வினாடி, 20 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.20 வினாடி, கோல் முழுவதும் நழுவிவிட்டால் கால் வினாடிக்கு மேல். அப்பா, அம்மா, பாட்டி எல்லாரும் செய்து பார்க்கலாம். பெட்டி ஆடும் பிள்ளையே வெல்வான் என்று எதிர்பார்ப்பீர்கள்; விடியற்காலையில் மரம் வெட்டிப் பழகிய கைகள் இலேசுப்பட்டவை அல்ல.

ஆனால் சாலையில் கோல் விழப்போகிறது என்று காத்திருக்க மாட்டோம். ஆடு குறுக்கே வருவதைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, கையும் காலும் பிரேக்கைத் தொட ஒரு வினாடி ஆகிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் மோட்டார் ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த நல்ல தார்ச்சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். மழை பெய்த செம்மண் சாலையில் இதைவிட அதிகம். வேகத்தைப் பாதியாக்கி 30 கிலோமீட்டரில் போனால், அந்த 20 மீட்டர் பாதியாகாது. கால் பங்காகும், வெறும் ஐந்து மீட்டர். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பெட்டிக்குள் இருக்கும் காருக்கு எடை இல்லை. ஆகையால் இந்தக் கணக்கை அது நம் உடம்புக்கு உணர்த்துவதில்லை.

கருவி வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள். ஒரு மணி நேரம் ஆடினால் பத்துப் பதினைந்து நிமிடமாவது நிறுத்திவிட்டு, எழுந்து நடந்து, தொலைவில் உள்ள மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். திரை மின்னி மின்னி மாறும்போது வலிப்பு வரும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அத்தகைய பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஸ்விட்ச் போன்ற கருவிகளில், ஒரு நாளைக்கு இத்தனை நேரம் என்று பெற்றோரே தங்கள் கைப்பேசியிலிருந்து வரையறுக்கலாம். பழைய கேம் பாய் யாரிடமாவது கிடந்தால், பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. வெறுங்கையால் தொட வேண்டாம். ஆடாத நாள்களில் பேட்டரியைக் கழற்றி வைப்பதே நல்லது.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். செம்பனையை ஒரே வரிசையில் மரத்துக்கு மரம் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டு நடுவது வழக்கம். ஆட்டைக் கண்ட இடம் முதல் மோட்டார் நிற்கும் இடம் வரை 37 மீட்டர் என்று சொன்னேன் அல்லவா? அது நான்கு மர இடைவெளி. பிள்ளையை ஒரு மரத்தடியில் நிறுத்துங்கள். நீங்கள் நான்கு இடைவெளி தள்ளிப் போய், அந்த மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். பிறகு பிள்ளையை அவன் இடத்திலிருந்து துணி வரை நடந்து வரச் சொல்லி, எத்தனை அடி என்று உரக்க எண்ணச் சொல்லுங்கள்.